நோட்டீஸ் இருக்கு, நோட்டு எங்கே?

பொங்கல் நெருங்கினா எங்க நெரவி பக்கம் டீக்கடைச் சுவரு, கரண்டு கம்பம், பஸ் நிக்கிற இடம் எல்லாத்துலயும் கபடிப் போட்டி நோட்டீஸ் ஒட்டிடுவாங்க. அதுல ஒண்ணு கிழியாம கிடைச்சா நான் மடிச்சு எடுத்து வச்சுக்குவேன். பத்திரம், பட்டா, பேங்க் பாஸ்புக் கிடக்கிற அதே தகரப் பெட்டியில இப்ப பதினேழு நோட்டீஸ் இருக்கு. என் வீட்டுக்காரி கணக்குல அது குப்பை.

அந்தப் பதினேழையும் இந்த மாசம் ஒருநாள் மழையில வீட்டோட முடங்கிக் கிடந்தப்ப எடுத்துப் பிரிச்சுப் பார்த்தேன். முதல் பரிசு உபயம் யாரு, ரெண்டாம் பரிசு யாரு, சுழற்கோப்பை யாரு, மைக் செட் யாரு, மின்விளக்கு யாரு, வீரர்களுக்கு உணவு யாரு, எல்லாம் அச்சுல இருக்கு. தலைமை தாங்கறவர், முன்னிலை வகிக்கிறவர், வரவேற்புரை, நன்றியுரை, ஒருத்தர் பேரும் விட்டுப் போகலை. விட்டுப் போனா ஊர்ல சண்டை வரும், அதனால மூணு தடவை சரிபார்த்துத்தான் அச்சுக்குக் குடுப்பாங்க. ஆனா அந்தப் போட்டியில ஜெயிச்சது யாரு? எத்தனைக்கு எத்தனை? கடைசி ஆட்டத்துல நல்லா ஆடினது யாரு? ஒரு காகிதம் கிடையாது. ஆடினவனே மறந்துட்டான். 90-கள்ல நடந்த ஒரு போட்டியைப் பத்தி டீக்கடையில நாலு பேர்கிட்ட கேட்டேன். மூணு ஊரு பேரு வந்துச்சு. நாலாவது ஆளு அந்த வருஷம் போட்டியே நடக்கலைன்னு அடிச்சுச் சொன்னார். நோட்டீஸைக் காட்டின பிறகும் ஒத்துக்கலை.

இதைப் படிக்கிற பட்டணத்து ஆளுங்களுக்கு இது ஒரு விஷயமான்னு தோணும். நீங்க டிவியில 2014-லேருந்து ப்ரோ கபடி பாக்குறீங்க. திரையில மூலையில ஸ்கோர் ஓடிக்கிட்டே இருக்கும். ஒருத்தன் எத்தனை தடவை பாடிப் போனான், எத்தனை பேரைத் தொட்டான், எத்தனை தடவை மாட்டினான், எல்லாம் ஒரு நொடியில வந்துரும். அந்த டிவி ஆட்டத்துக்கு ஆளு எங்கேருந்து வர்றான்? எங்க மாதிரி ஊருங்களோட களத்துலேருந்துதான் வர்றான். அங்க கணக்கு எப்படி நடக்குதுன்னு சொல்றேன்.

ஒரு கரும்பலகை, இல்லன்னா ஒரு அட்டை. பக்கத்துல சாக்பீஸோட ஒரு பையன். நடுவர் விரலைக் காட்டுவார், பையன் பழைய எண்ணைத் துடைச்சுட்டுப் புதுசு எழுதுவான். துடைச்சதும் பழசு போச்சு. 14 எப்படி 17 ஆச்சு, எவன் எடுத்த புள்ளி, போனஸா, ஆல் அவுட்டா, எதுவும் மிஞ்சாது. மைக்ல கமெண்டரி சொல்றவர் வேற ஒரு எண்ணைச் சொல்லிக்கிட்டு இருப்பார். கூட்டத்துல ஆளுக்கொரு கணக்கு.

போன வருஷம் பக்கத்து ஊர் ஒண்ணுல அரையிறுதி ஆட்டம். ஊர் பேரு வேண்டாம், எல்லாம் பழகின ஆளுங்க. முடியறதுக்கு ஒரு நிமிஷம் இருக்கும்போது பலகையில 22-21. ஒரு பையன் பாடிப் போய் ஒருத்தனைத் தொட்டுட்டு, போனஸ் கோட்டையும் தாண்டிட்டு வந்தான். ஒரு புள்ளியா ரெண்டு புள்ளியா? எதிர்ப் பக்கத்துல ஆறு பேர் நின்னா போனஸ் உண்டு, அஞ்சு பேர்னா கிடையாது. அந்த நேரத்துல உள்ள நின்னது அஞ்சா ஆறா? தெரிஞ்சவன் ஒருத்தனும் இல்லை. முன்னாடி ஒருத்தன் திரும்ப உள்ள வந்தானா, வரலாமா, யாரு கூப்பிட்டா, அது ஒரு தனி விவகாரம். முக்கால் மணி நேரம் பேசினாங்க. கடைசியில பூவா தலையா போட்டு முடிச்சாங்க. மூணு மாசம் ராத்திரியில பயிற்சி எடுத்த பசங்க, ஒரு ரூபாய்க் காசு எப்படி விழுந்துச்சுன்னு பாத்துட்டு வீட்டுக்குப் போனாங்க.

இதுக்குத்தான் கபடி விதியிலயே வழி வச்சிருக்கான். முறைப்படி நடக்குற ஆட்டத்துல ஒரு ரெஃபரி, ரெண்டு அம்பயர், ஒரு ஸ்கோரர், அதோட ரெண்டு துணை ஸ்கோரர் உண்டு. ஆறு பேர்ல மூணு பேருக்கு எழுதுற சோலி. துணை ஸ்கோரருங்களோட முக்கியமான வேலை, அவுட் ஆன ஆளுங்களை வரிசையா எழுதறது. ஏன்னா முதல்ல வெளிய போனவன்தான் முதல்ல உள்ள வரணும். நல்லா ஆடறவனைப் பாத்துப் பொறுக்கி உள்ள இழுக்க முடியாது. அந்த வரிசைத் தாள் ஒண்ணு இருந்திருந்தா, உள்ள அஞ்சு பேரா ஆறு பேரான்னு அஞ்சு செகண்டுல தெரிஞ்சிருக்கும். எங்க ஊர்ப் போட்டியில ரெஃபரிக்கு விசில் இருக்கு, பனியன் இருக்கு, தொப்பி கூட இருக்கு. எழுத ஆளு இல்லை.

நம்ம முன்னோருக்கு கணக்கு தெரியலைன்னு சொல்ல மாட்டேன். அவங்க ஆட்டத்துக்குள்ளேயே கணக்கை வச்சிருந்தாங்க. பல்லாங்குழியைப் பாருங்க. பதினாலு குழி, குழிக்கு அஞ்சு சோழின்னா மொத்தம் எழுபது. யாரும் பேனா எடுக்கிறதில்லை. கையில எத்தனை சோழி இருக்கோ அதுதான் ஸ்கோர். தோத்தவங்களுக்குக் குழியை நிரப்பச் சோழி பத்தாது, அடுத்த ஆட்டத்துல அந்தக் குழி காலியாவே கிடக்கும். தோத்தது கண்ணுக்கு முன்னாடி தெரியுது. கோலின்னா டவுசர் பை சொல்லும். பழைய சடுகுடுல, அவுட் ஆனவன் திரும்ப வர முடியாத வகை ஒண்ணு உண்டு. எல்லாரும் வெளிய போனா ஆட்டம் முடிஞ்சுது, கோட்டுக்கு வெளிய உக்காந்திருக்கிற ஆளை எண்ணினாப் போதும். இன்னொரு வகையில, அமர்னு பேரு, தொடப்பட்டவன் உள்ளேயே நின்னு ஆடுவான், எதிரிக்குப் புள்ளி மட்டும் ஏறும். அதுலதான் தனியா ஒரு கணக்கு வேண்டியிருக்கு. இப்ப நாம ஆடுற ஆட்டம் இது ரெண்டையும் விடச் சிக்கல். அவுட் ஆனவன் திரும்ப வர்றான், போனஸ் இருக்கு, எல்லாரும் அவுட்னா ரெண்டு புள்ளி கூட, மூணு பேரோ அதுக்குக் குறைவாவோ நிக்கும்போது பிடிச்சா ஒரு புள்ளி கூட. ஆட்டத்தை மாத்திக்கிட்டோம், எண்ற பழக்கத்தை மட்டும் பழசாவே வச்சிருக்கோம். இதுதான் என் வழக்கு.

விவசாயி எண்ணத் தெரியாதவன் இல்லை. களத்துல நெல் அளக்கும்போது ஒண்ணுன்னு சொல்லாம "லாபம்"னு ஆரம்பிச்சு, ரெண்டு, மூணுன்னு ராகமா எண்ணுவாங்க எங்க அப்பா காலத்துல. பன்னெண்டு மரக்கால் ஒரு கலம். எண்றவர்கிட்ட யாரும் பேச்சுக் குடுக்கக் கூடாது. பேச்சுக் குடுத்தா அடிதான். இன்னைக்கு நெல் போடப் போனா மூட்டை எடை, ஈரப்பதம், எல்லாத்துக்கும் சீட்டு கேட்டு வாங்கறோம். சீட்டு இல்லாம ஒரு மூட்டையை இறக்குவீங்களான்னு கேளுங்க, எங்க ஆளுங்க சிரிப்பாங்க. அதே ஆளுங்க பிள்ளைங்க ஆட்டத்துல மட்டும் "எல்லாம் ஞாபகம் இருக்கு"ன்னு விட்டுடறாங்க.

இன்னொண்ணும் சொல்லணும், இது காரைக்கால். 1954 வரைக்கும் பிரெஞ்சுக்காரன் ஆண்ட மண்ணு. பிறப்பு, இறப்பு, கல்யாணம் எல்லாம் எத்தா சிவில் பதிவுல இருக்கும். தாத்தாவோட அப்பா எப்போ பிறந்தார்னு அந்தப் பதிவைத் தேடி அலையற குடும்பங்களை இன்னைக்கும் இங்க பாக்கலாம். ஒரு எழுத்துப் பிசகுக்காக வருஷக்கணக்கா நடந்தவங்க உண்டு. காகிதத்தோட மதிப்பு தெரியாத ஊரு இல்லை எங்க ஊரு.

எழுதி வச்சா என்ன ஆகும்ங்கறதுக்கு ஒரு உதாரணம். 1934 நவம்பர் 4. ரஞ்சிக் கோப்பையோட முதல் ஆட்டம், சேப்பாக்கத்துல. சென்னை அணியும் மைசூர் அணியும். முதல் பந்தைப் போட்டவர் எம்.ஜே. கோபாலன். மைசூர் 48-ம் 59-ம் எடுத்தாங்க, சென்னை 130. இன்னிங்ஸும் 23 ரன்னும் வித்தியாசம். ஏ.ஜி. ராம்சிங் 35 ரன் குடுத்து 11 விக்கெட். ஒரே நாள்ல ஆட்டம் முடிஞ்சு போச்சு. நான் பிறக்கவே இல்லை அப்ப, எங்க அப்பாவே சின்னப் பிள்ளை. ஆனா தொண்ணூறு வருஷம் கழிச்சு நெரவியில உக்காந்துகிட்டு அந்த நாளை உங்களுக்குச் சொல்ல முடியுது. அதே 1934-ல இந்த டெல்டா முழுக்க அறுப்பு முடிஞ்ச வயல்ல சடுகுடு ஆடாமலா இருந்திருப்பாங்க? எத்தனை ராம்சிங் இருந்தாங்களோ. ஒரு பேரு கிடையாது.

கிரிக்கெட்ல ஒரு நல்ல முறை இருக்கு. ஸ்கோரர் ரெண்டு பேர். அப்பப்போ ரெண்டு பேரும் கணக்கைச் சரிபார்த்துக்கணும். அம்பயர் சைகை காட்டினா, பாத்துட்டேன்னு ஸ்கோரர் பதிலுக்குக் காட்டணும், அதுவரைக்கும் அடுத்த பந்து கிடையாது. செஸ்ல இன்னும் அழகு. ஆடுற ரெண்டு பேருமே ஒவ்வொரு நகர்த்தலையும் தங்கள் கையாலயே எழுதணும். எதிரி நகர்த்தினதையும் சேர்த்து எழுதணும். 2024 டிசம்பர்ல சிங்கப்பூர்ல குகேஷ் டிங் லிரென்னை 7.5-6.5-னு ஜெயிச்சார் இல்லையா, அந்த பதினாலு ஆட்டத்தையும் இன்னைக்கு எங்க ஊர்ப் பையன் ஒருத்தன் போன்ல ஒவ்வொரு காயா நகர்த்திப் பாக்கறான். எங்க தெருக் கபடியில நேத்து ஆடின ஆட்டத்தை இன்னைக்குத் திருப்பிப் பாக்க வழியில்லை.

"எழுதினாலும் சண்டை வரத்தானே செய்யும்"னு கேக்கலாம். வரும். 2023 அக்டோபர் 7, சீனாவுல ஹாங்சோ ஆசிய விளையாட்டு, ஆண்கள் கபடி இறுதி ஆட்டம், இந்தியாவும் ஈரானும். 28-28-ல நிக்குது. பவன் செராவத் பாடிப் போய் யாரையும் தொடாம பக்கவாட்டுக் கோட்டைத் தாண்டிட்டார், பின்னாடியே ஈரான் பசங்களும் தாண்டிட்டாங்க. பழைய விதிப்படி ஒரு கணக்கு, புது விதிப்படி வேற கணக்கு. வீடியோ இருக்கு, நடுவர் கூட்டம் இருக்கு, பெரிய திரை இருக்கு. முடிவை மாத்தி மாத்திச் சொன்னாங்க, பசங்க களத்துலேயே உக்காந்துட்டாங்க, ஆட்டம் ரொம்ப நேரம் நின்னு போச்சு. கடைசியில 33-29-னு இந்தியா ஜெயிச்சது. அங்கே யாரும் "இப்ப ஸ்கோர் என்ன"ன்னு சண்டை போடலை, அதைக் கவனிங்க. 28-28 எல்லாருக்கும் ஒண்ணுதான். அந்த ஒரு பாட்டுக்கு எத்தனை புள்ளிங்கறதுதான் சண்டை. விதியைப் பத்தி சண்டை போட்டா அது ஆட்டத்துக்கு நல்லது, அடுத்த தடவை விதி தெளிவாகும். எண்ணிக்கையைப் பத்தி சண்டை போட்டா மண்டைதான் உடையும். அதே நாள்ல நம்ம பொண்ணுங்க சீன தைபே அணியை 26-25-னு ஜெயிச்சாங்க. ஒரே ஒரு புள்ளி. அந்தப் போட்டித் தொடர்ல இந்தியாவோட நூறாவது பதக்கம் அதுதான். ஒரு புள்ளியைத் துடைச்சு எழுதற சாக்பீஸ் பையன் கையில அது இருந்திருந்தா நினைச்சுப் பாருங்க.

எனக்குப் பெரியப்பா முறை ஆகுற ஒருத்தர் வேற மாதிரி சொல்றார். "தம்பி, தெருவுக்குத் தெரு, ஊருக்கு ஊரு ஆடுறது சந்தோஷத்துக்கு. மறந்து போறதுனாலதான் அடுத்த வருஷம் சிரிச்ச முகமா வந்து ஆடுறான். எழுதி வச்சீன்னா பத்து வருஷத்துத் தோல்வியை எடுத்துக் காட்டி நக்கல் அடிப்பான், அது வேற எங்கேயோ போய் முடியும்." இதை லேசா ஒதுக்க முடியாது. ஊர்ல தெருன்னா வெறும் தெரு இல்லைன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனா நான் பாத்த வரைக்கும் மறக்கறதே இல்லை யாரும். தப்பா ஞாபகம் வச்சிருக்கான், அதுதான் தொல்லை. ரெண்டு ஊரும் தான் ஜெயிச்சதாவே நினைச்சுக்கிட்டு முப்பது வருஷமா முறைச்சுக்கிட்டுத் திரியுது.

எல்லாத்தையும் எண்ணணும்னு நான் சொல்ல வரலை. உறியடிக்கு எதுக்கு நோட்டு? பானை உடைஞ்சா உடைஞ்சது. அஞ்சு வயசுப் பிள்ளைங்க ஓடறதுக்கு ஸ்டாப் வாட்ச் பிடிக்கிற அப்பாக்களைப் பாத்தா எனக்குக் கோபம்தான் வருது. கோலப் போட்டியில புள்ளி தப்பினதுக்கு அரை மார்க் குறைச்ச ஒரு அம்மாவையும் பாத்திருக்கேன், அவங்ககிட்ட அன்னைக்கே சொல்லிட்டேன்.

கிரிக்கெட் ஆடற எங்க ஊர்ப் பசங்க இப்ப மாறிட்டாங்க. அறுப்பு முடிஞ்சு உளுந்து போடாத தரிசுல ஆடுற டென்னிஸ் பால் ஆட்டத்துக்குக் கூட கிரிக்ஹீரோஸ் ஆப்ல பந்துக்குப் பந்து ஏத்தறாங்க. ஒரு பையன் பேட்டிங் முடிச்சு வந்து தண்ணி குடிக்கிறதுக்கு முன்னாடி போனைப் பாக்கறான், தன் ஸ்ட்ரைக் ரேட் என்னன்னு. எனக்கு அது கொஞ்சம் அசிங்கமாத்தான் படுது. ஆனா நாளைக்கு ஒருத்தர் "நீ எப்படி ஆடுவே"ன்னு கேட்டா அவனால காட்ட முடியும். கபடி ஆடறவனால முடியாது.

இங்கதான் விஷயம் வயித்துல வந்து நிக்குது. எங்க பசங்க புதுச்சேரி யூனியன் பிரதேசம். அஞ்சு நிமிஷத்துல வாஞ்சூர் தாண்டினா தமிழ்நாடு, ஆனா தமிழ்நாட்டு டீம்ல இவன் சேர முடியாது. புதுச்சேரி டீமுக்குத் தேர்வுன்னா பெரும்பாலும் அங்க போகணும், நூத்தி முப்பது கிலோமீட்டருக்கு மேல. சென்டாக்ல காலேஜ் சீட்டுக்கு விளையாட்டு ஒதுக்கீடு கேட்டாலும் சரி, மத்திய அரசு வேலைக்குக் கேட்டாலும் சரி, அங்கீகாரம் உள்ள போட்டியோட சான்றிதழ்தான் செல்லும். ஊர்ப் பொங்கல் போட்டியில வாங்கின எவர்சில்வர் குடத்தை மேஜையில வைக்க முடியாது. நான் சொல்ற நோட்டும் சான்றிதழ் ஆகாது, அது எனக்கும் தெரியும். ஆனா தேர்வுக்கு யாரை அனுப்பறதுன்னு ஒரு உடற்பயிற்சி ஆசிரியர் முடிவு பண்ணும்போது அவருக்கு எது ஆதாரம்? கூட்டம் யார் பேரைச் சொல்லிக் கத்துதோ அவன் போறான். கூட்டம் எப்பவும் பாடிப் போறவனைத்தான் பாக்கும். மூலையில நின்னுக்கிட்டு கணுக்காலைப் பிடிச்சு இழுத்துப் போடுறவனை எவனும் பாக்க மாட்டான். ரெண்டு வருஷக் கணக்கு எழுத்துல இருந்தா, யாருமே பேரு சொல்லாத ஒரு பையன்தான் அதிகம் பிடிச்சிருக்கான்னு தெரிய வரும்.

"பைசன்" படம் பாத்திருப்பீங்க. அதுக்கு மூலமான மணத்தி கணேசன் 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டுல தங்கம் வாங்கினவர், அர்ஜுனா விருது வாங்கினவர். 2025-ல பஹ்ரைன்ல ஆசிய இளையோர் போட்டியில தங்கம் வாங்கின டீம்ல கண்ணகி நகர் கார்த்திகாவும், எங்களுக்குப் பக்கத்து மாவட்டத்து வடுவூர் அபினேஷும் இருந்தாங்க. அவங்க ஏறிட்டாங்க, உலகம் எழுதி வச்சுக்கும். ஒரு படி முன்னாடியே நின்னு போன பையனை எழுதி வைக்க வேண்டியது ஊரோட வேலை. அவன் இப்ப கல்ஃப்ல இருப்பான், இல்லன்னா மில்லுல மூட்டை தூக்குவான். அவன் பிள்ளைகிட்ட "உங்க அப்பா எப்படி ஆடுவான் தெரியுமா"ன்னு சொல்லத் திண்ணையில ஆளு இருக்கு. அந்த ஆளும் போயிட்டா?

வர்ற பொங்கலுக்கு எங்க தெருப் பசங்ககிட்ட பேசியிருக்கேன். இருநூறு பக்க லாங் சைஸ் நோட்டு ஒண்ணு நான் வாங்கித் தர்றேன். மைக் செட் வாடகையோட பாத்தா அது ஒரு காசே இல்லை. ஆட்டத்துக்கு முன்னாடி ரெண்டு டீம்லயும் ஆடுறவங்க பேரு, வயசு, ஊரு. ஆட்டம் நடக்கும்போது ஒவ்வொருத்தனும் எத்தனை தடவை பாடினான், எத்தனை பேரைத் தொட்டான், எத்தனை பேரைப் பிடிச்சான், எத்தனை தடவை மாட்டினான். அவுட் ஆன வரிசை தனித் தாள்ல. ஆட்டம் முடிஞ்சதும் ரெண்டு கேப்டனும் கையெழுத்து, அப்படியே போன்ல ஒரு போட்டோ. பலகையில இருக்கிற எண்ணும் நோட்டும் ஒத்துப் போகலைன்னா நோட்டுதான் செல்லும்னு நோட்டீஸ்லயே ஒரு வரி போட்டுடணும். எழுதறதுக்கு பிளஸ் டூ படிக்கிற ரெண்டு பொண்ணுங்க ஒத்துக்கிட்டாங்க. ஒரு பையன் "பொம்பளைப் பிள்ளைங்களுக்குக் கபடி ரூல் தெரியுமா"ன்னு கேட்டான். அதுல ஒரு பொண்ணு லோனான்னா என்னன்னு அவன்கிட்ட திருப்பிக் கேட்டுச்சு. அவன் முழிச்சான்.

நோட்டீஸ்ல "நோட்டுப் புத்தகம் உபயம்"னு என் பேரைப் போடுறேன்னு சொன்னாங்க, வேணாம்னுட்டேன். ஒரே ஒரு பிரச்சினை இன்னும் தீரலை. பொங்கல் முடிஞ்ச பிறகு நோட்டை யாரு வச்சுக்கிறது? கோயில்ல வச்சா ஒரு தரப்பு ஒத்துக்காது, என் வீட்டுப் பெட்டியில வச்சா இன்னொரு தரப்பு ஒத்துக்காது. பள்ளிக்கூடத்துல வைக்கலாம்னு நான் சொல்றேன். வாத்தியார் மாறிப் போனா நோட்டும் போயிடும்னு பெரியப்பா சொல்றார். அடுத்த ஞாயித்துக்கிழமை சாயந்திரம் உக்காந்து பேசறதா இருக்கோம்.